எட்டுப் போட்டால் போதுமா?
தென்காசிச் சாலைகளை முன்வைத்து ஓட்டுநர் கல்வி பற்றி ஓர் ஆய்வு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிறது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். ஆனி, ஆடி மாதங்களில் இந்த ஊர்ச் சாலையோரம் கால் மணி நேரம் நின்றால், தமிழ்நாட்டுப் போக்குவரத்து முழுவதும் ஒருமுறை கண்முன் வந்துபோகும். மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வரும் வேன்கள், கேரள எண் பலகை போட்ட கார்கள், ஷேர் ஆட்டோக்கள், தனியார் பேருந்துகள், தலையில் ஈரத் துண்டோடு ஒரே பைக்கில் மூன்று பேர். மேற்கே மலை மேகத்துக்குள் மறைந்திருக்கும். சாரல் விழுவதும் விடுவதுமாக இருக்க, சாலை மட்டும் காயவே காயாது.

அப்படி ஒரு ஆடி மாதக் காலையில் அங்கே நின்றிருந்தேன். நிறுத்தத்தில் ஒரு பேருந்து ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த வேன் வேகம் குறையாமல் அதைச் சுற்றிக்கொண்டு முந்தியது. இறங்கிய ஒரு பள்ளிச் சிறுமி, பேருந்தின் முன்பக்கமாகச் சாலையைக் கடக்கக் காலெடுத்து வைத்தாள். வேன் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே வந்து அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. "குறுக்க வந்துட்டியேம்மா!" என்றார் ஓட்டுநர். அவர் குரலும் நடுங்கியது, கையும் நடுங்கியது. பிரேக்கை மிதிக்க வேண்டிய நேரத்தில் மிதித்தார், ஸ்டீயரிங்கையும் விடவில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவர்தான். நின்ற பேருந்துக்கு முன்னாலிருந்து ஆள் வரக்கூடும், அதற்கு இருபது முப்பது மீட்டர் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை.

வண்டி ஓட்டக் கற்பது ஒன்று, சாலையில் ஓட்டக் கற்பது வேறொன்று. நம் நாட்டில் முதலாவதற்குப் பயிற்சியும் தேர்வும் உரிமமும் உண்டு. இரண்டாவதை விபத்துகளே கற்றுக்கொடுக்கின்றன. இந்த இடைவெளியை அடைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எண்கள் சொல்வது

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். 2023இல் இறப்பு 1,72,000ஐத் தாண்டியது. விபத்துகளின் எண்ணிக்கையில் 2022இல் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884 உயிர்கள். ஒரு நாளைக்கு நாற்பத்தொன்பது பேர் என்று வகுத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும்.

இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19 பேர் நடந்து சென்றவர்கள். ஏறக்குறைய நூற்றுக்கு 71 இறப்புகள் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டுள்ளன. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் அந்த ஓராண்டில் மட்டும் ஐம்பதாயிரம் பேர். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலையில் இறக்கிறார்கள் என்றும், 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் இறப்புக்குச் சாலை விபத்தே முதற்காரணம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

நம் மாவட்டத்துக்கு இந்த எண்கள் தொலைவில் இருப்பவை அல்ல. 2024 ஜனவரி 28 அதிகாலையில், குற்றாலத்தில் குளித்துவிட்டுக் காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த புளியங்குடியைச் சேர்ந்த ஆறு பேர், கடையநல்லூரை அடுத்த சிங்கிலிப்பட்டிக்கும் புன்னையாபுரத்துக்கும் இடையே சிமெண்ட் லாரியோடு மோதி இறந்தார்கள். அருவிக்குப் போய்விட்டு விடியுமுன் வீடு வந்துவிடலாம் என்று கிளம்புவது இங்கே எல்லோர் வீட்டிலும் நடப்பது. தூக்கமில்லாத இரவில், பின்னிரவு மூன்று மணிக்கு மேல், மனித உடல் எப்படித் தன்னையறியாமல் கண் அயரும் என்பது ஒரு பாடம். அந்தப் பாடத்தை எந்தப் பயிற்சி மைதானத்தில் நடத்துகிறோம்?

எட்டு எதைக் காட்டுகிறது?

"எட்டுப் போட்டாச்சா?" உரிமம் வாங்கப் போனவரிடம் ஊரில் கேட்கும் முதற்கேள்வி இதுதான். கால் ஊன்றாமல் எட்டு என்ற வடிவத்தில் பைக்கை வளைத்து வந்தால் தேர்வு முடிந்தது. பார்த்துக்கொண்டிருப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். மக்கள் வாயில் இன்றும் அவர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'தான். ஓட்டுபவர் முதல் கியரில், கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றி வருவார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எட்டு வீணான தேர்வு என்று சொல்ல மாட்டேன். சமநிலை, கிளட்ச்–பிரேக் கட்டுப்பாடு, குறுகிய வளைவில் பார்வையைத் திருப்பும் பழக்கம் ஆகியவற்றை அது காட்டும். ஆனால் அது மெதுவாக ஓட்டும் திறமை. உயிர் போவது வேகத்தில். எதிரே வரும் லாரி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதற்குள் முந்த முடியுமா என்று கணிப்பதை எட்டு காட்டாது. இரவில் எதிர் விளக்கு கண்ணைக் கூசும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் காட்டாது. மழைச் சாலையில் நிற்க எவ்வளவு தூரம் தேவை என்பதைக் காட்டவே காட்டாது.

அந்தக் கடைசிக் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீட்டர் போய்விடும். அதன்பின் காய்ந்த சாலையில் நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். நனைந்த சாலையில் அதுவே 35 மீட்டர் ஆகலாம். ஆக, சாரல் நாளில் மொத்தம் 60 மீட்டர். வேகத்தை 40ஆகக் குறைத்தால் அதே ஈரச் சாலையில் 32 மீட்டரில் நின்றுவிடலாம். மேலகரத்தில் நான் கண்ட வேனுக்கும் அந்தச் சிறுமிக்கும் இடையிலிருந்த ஒரு முழத்தை இந்தக் கணக்கு விளக்கும். கோடைக்குப் பின் விழும் முதல் மழைதான் மிக வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் டயர்த் துகளும் தண்ணீரோடு சேர்ந்து படலமாகிவிடும். அருவிக்கு மக்கள் கிளம்பும் நாளும் அதுவே.

சட்டம் கேட்பது என்ன?

சட்டம் இதையெல்லாம் அறியாதது அல்ல. இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. 1939இல் விரிவான சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று நடப்பில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் செயல்படுகிறது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளை ஒழுங்குபடுத்த அதில் தனிப் பிரிவு (12) உண்டு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 31ஆவது விதி பாடத்திட்டத்தையே தருகிறது. ஓட்டும் கோட்பாடு, போக்குவரத்துக் கல்வி, வண்டியின் இயக்கம், பொதுமக்களிடம் நடந்துகொள்ளும் முறை, முதலுதவி எல்லாம் அதில் இருக்கின்றன. சொந்தக் கார் ஓட்டுபவருக்கு 21 நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் வண்டி ஓட்டுவது மட்டும் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் என்கிறது விதி. கனரக வாகனத்துக்கு 15 மணி நேரம்.

வாசகர் தம் நினைவைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும். நீங்கள் கற்றபோது முதலுதவி வகுப்பு நடந்ததா? போக்குவரத்துக் கல்வி என்று யாராவது கரும்பலகை முன் நின்று பேசினார்களா? பெரும்பாலோரின் நினைவில் இருப்பது விடியற்காலையில் பயிற்சிக் கார் வீட்டு வாசலில் வந்து நிற்பதும், பயிற்றுநர் தம் காலடியிலுள்ள இன்னொரு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு "கிளட்ச், கிளட்ச்" என்று சொல்வதும், முந்நூறு மீட்டர் நேர்ச் சாலையும்தான். பள்ளிக்கே போகாமல், உரிமம் உள்ள அண்ணனோ மாமாவோ பக்கத்தில் இருக்கக் கற்றுக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., வாங்கி 30 நாள் ஆனபின் தேர்வுக்குப் போகலாம். அந்த 30 நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டினார், இரவில் ஓட்டினாரா, மழையில் ஓட்டினாரா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

2021 ஜூலை 1 முதல் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்கள் என்ற புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அங்கே இலகுரக வாகனப் பயிற்சி நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரம். அதில் 8 மணி நேரம் கோட்பாட்டு வகுப்பு. கனரக வாகனத்துக்கு ஆறு வாரத்துக்குள் 38 மணி நேரம். பாவனை இயந்திரமும் பயிற்சித் தடமும் கட்டாயம். அங்கே தேறியவர் உரிமத்துக்காக மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. நல்ல திட்டம். ஆனால் இலகுரக வாகனத்துக்கே ஒரு ஏக்கர், கனரகத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும். பேரூராட்சிகளில் ஒரே காரை வைத்துத் தொழில் நடத்தும் பயிற்சிப் பள்ளிக்கு அது எட்டாத உயரம்.

உலகம் கற்ற பாடம்

பயிற்சி நேரத்தைக் கூட்டினால் விபத்து குறையுமா? இந்தக் கேள்விக்கு உலக ஆய்வுகள் தந்த விடை நம்மைத் திடுக்கிட வைப்பது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிகால்ப் மாவட்டத்தில் 1970களின் இறுதியில் சுமார் 16,000 மாணவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. மிக விரிவான பள்ளிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே நீண்ட கால விபத்துக் கணக்கில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, பள்ளிகளில் தரும் ஓட்டுநர் பயிற்சி இளைஞர்களைச் சீக்கிரமே உரிமம் வாங்க வைக்கிறது, விபத்தைக் குறைத்ததற்குச் சான்று இல்லை என்றது. நார்வேயில் வழுக்கும் சாலையில் கார் ஓட்டச் சிறப்புப் பயிற்சி தந்தபோது, இளம் ஆண்களிடையே விபத்து கூடியது. 'எனக்குத் தெரியும்' என்ற துணிச்சல் திறமையை மிஞ்சிவிட்டது.

இதைப் படித்து, கல்வியே வேண்டாம் என்று முடிவு கட்டினால் பாதிக் கதைதான் படித்தவர்கள் ஆவோம். பலன் தந்த கல்வியும் உண்டு. சுவீடன் 1993இல் பழகும் வயதைப் பதினேழரையிலிருந்து 16ஆகக் குறைத்தது; உரிமம் தரும் வயது 18 என்பதை மாற்றவில்லை. பெற்றோரோ பெரியவரோ பக்கத்தில் இருக்க இரண்டு ஆண்டு ஓட்டிப் பழகலாம். அந்த வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக நூறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பழகினார்கள். உரிமம் பெற்றபின் அவர்களின் விபத்து வாய்ப்பு சுமார் நூற்றுக்கு 40 குறைந்தது. நியூசிலாந்து 1987இல் படிப்படியான உரிமத்தைக் கொண்டுவந்தது. புதிதாகக் கற்றவர் முதலில் இரவில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர் கூட்டத்தை ஏற்றிக்கொள்ளக் கூடாது. அனுபவம் கூடக்கூடத் தடைகள் விலகும். பிரிட்டன் 2002இல் ஆபத்தை முன்னுணரும் தேர்வைச் சேர்த்தது. திரையில் சாலைக் காட்சி ஓடும்; ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் தேர்வர் பொத்தானை அழுத்த வேண்டும். சீக்கிரம் கண்டால் கூடுதல் மதிப்பெண்.

பின்லாந்து அறிஞர்கள் ஓட்டுநர் கல்வியை நான்கு படிகளாக வகுத்தார்கள். கீழ்ப்படி, வண்டியைக் கையாளுவது. அடுத்தது, போக்குவரத்துச் சூழலைப் புரிந்துகொள்வது. மூன்றாவது, எதற்காக, எப்போது, யாரோடு பயணம் போகிறோம் என்பது. மேல்படி, ஓட்டுபவரின் குணமும் வாழ்க்கை நோக்கமும். நாம் முதற்படியில் நின்று எட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். விபத்துகளோ மேல்படிகளில் நடக்கின்றன. வேகமாகப் போனால்தான் மரியாதை என்று நினைக்கும் இளைஞனின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், ஆபத்து அவனோடு பயணம் செய்யும்.

கிளீனர் என்ற பள்ளிக்கூடம்

சுவீடன் கண்டுபிடித்த நீண்ட காலப் பழக்கத்தை நம் லாரித் தொழில் எழுதாத முறையில் வைத்திருந்தது. கிளீனராகச் சேரும் பையன் இடப்பக்கம் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் சாலையைப் பார்ப்பான். பின்னால் வண்டி வருகிறதா என்று சொல்வான், டயரைத் தட்டிப் பார்ப்பான், மலை இறக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். ஆள் இல்லாத சாலையில் ஒருநாள் டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கை அவன் கையில் தருவார். ஏறின கியரிலேயே இறங்கு என்பது அந்தப் பள்ளியின் முதற்பாடம். புளியரையைத் தாண்டி எஸ் வளைவில் ஆரியங்காவு நோக்கி ஏறி இறங்கும் சரக்கு லாரிகளுக்கு இன்றும் அதுவே உயிர் காக்கும் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். என்ஜினைக் கொண்டு வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது உயிரைப் பணயம் வைப்பது.

அந்தப் பள்ளியில் குறைகளும் இருந்தன. அடி உதை இருந்தது, படிப்பு இழந்த சிறுவர்கள் இருந்தார்கள், சட்டமும் முதலுதவியும் இல்லை. அது திரும்பி வர வேண்டும் என்று யாரும் விரும்ப முடியாது. ஆனால் இன்று பல லாரிகள் கிளீனர் இல்லாமல் ஒற்றை டிரைவரோடு ஓடுகின்றன. பழைய பள்ளி மூடிவிட்டது. அதன் இடத்தில் புதியது திறக்கவில்லை. தரமணியில் உள்ள சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக ஓட்டுநர் பயிற்சி நடத்துகிறது. தென்கோடியில் இருக்கும் இளைஞனுக்கு அது ஓர் இரவுப் பயணத் தொலைவு. மலைச் சாலையில் ஓட்ட வேண்டியவன் மலையடிவாரத்திலேயே கற்க வழி வேண்டாமா?

ஓட்டுநருக்கு மட்டும் பாடம் சொல்லி முதலாளியை விட்டுவிட்டால் அது நியாயமும் ஆகாது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. நடைக் கணக்கில் கூலி வாங்கும் டிரைவரிடம் தூக்கத்தைப் பற்றிப் பேசுமுன் அவருக்குத் தூங்க நேரம் தர வேண்டும்.

பதினெட்டுக்குக் கீழே

ஊரில் இன்னொரு பழக்கம். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பைக். டியூஷனுக்குப் போக, கடைக்குப் போக, தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் பையன் ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்லும் வீடுகள் ஏராளம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் (பிரிவு 199அ) இதைக் கடுமையாகப் பார்க்கிறது. சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

தண்டனை அச்சம் ஓரளவுதான் தடுக்கும். வண்டி ஓட்டும் கல்வி வண்டியின் மேல் ஏறுமுன்பே தொடங்க வேண்டும். நடப்பவனாக, சைக்கிள் ஓட்டுபவனாக, பைக்கில் பின்னால் உட்கார்பவனாகச் சாலையை அறிந்த பிள்ளை, நாளை ஸ்டீயரிங் பிடிக்கும்போது நடப்பவரையும் நினைப்பான். ஹெல்மெட் தலைக்காயத்தைச் சுமார் நூற்றுக்கு 69, இறப்பை நூற்றுக்கு 42 குறைக்கும் என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கண்டிப்பாக அமலானது. ஆனாலும் பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்து, போலீசைக் கண்டதும் எடுத்து மாட்டும் அப்பாவைப் பார்த்து வளரும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

சாலை சரியில்லையே?

ஓட்டுநரையே குறை சொல்வது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பது சரி. வெளிச்சமில்லாத வளைவு, குறி போடாத வேகத்தடை, சாலைக்குள் நீண்ட கடை, நடைபாதை இல்லாத பேரூர் ஆகியவை ஓட்டுநரின் பிழை அல்ல. மனிதன் தவறுவான், அந்தத் தவறு சாவில் முடியாதபடி சாலையும் வண்டியும் அமைய வேண்டும் என்பதே 1997இல் சுவீடன் ஏற்றுக்கொண்ட கொள்கை. நம் நாட்டிலும் சாலைப் பாதுகாப்பை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். அவர் தொடுத்த வழக்கில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது.

ஆனால் நல்ல சாலை மட்டும் போதாது என்பதையும் நாம் கண்கூடாகப் பார்க்கிறோம். சாலையை அகலமாக்கியதும் வேகமும் கூடுகிறது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ப்பலி விபத்து வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாலை, சட்டம், கல்வி மூன்றும் அடுப்புக்கு மூன்று கல் போல. ஒன்றை எடுத்துவிட்டால் பானை நிற்காது.

இங்கிருந்து தொடங்கலாம்

பெரிய திட்டங்களுக்குக் காத்திராமல் மாவட்ட அளவிலேயே செய்யக்கூடியவை சில உண்டு.

பயிற்சிப் பள்ளிகள் ஒவ்வொரு மாணவரையும் குறைந்தது ஒருமுறை மழையிலும், ஒருமுறை இரவிலும், ஒருமுறை மலை வளைவிலும் ஓட்ட வைக்கலாம். சாரல் மாதங்களில் குற்றாலம் சாலையைவிடச் சிறந்த வகுப்பறை எங்கே கிடைக்கும்? ஓட்டியபடியே கண்ணில் படும் ஆபத்துகளை வாய்விட்டுச் சொல்லவைப்பது செலவில்லாத பயிற்சி: 'பஸ் நிற்குது, முன்னால ஆள் வரலாம்', 'ஆட்டோ இடது பக்கம் ஒதுங்குது, திடீர்னு திரும்பலாம்'. சின்னப் பள்ளிகள் ஐந்தாறு சேர்ந்து பொதுவில் ஒரு பயிற்சித் தடம் அமைக்க அரசு நிலம் தரலாம்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் பங்கேற்று உருவாக்கிய விபத்துத் தரவுச் செயலியில் போலீசார் விபத்துகளைப் பதிந்துவருகிறார்கள். அந்தத் தரவிலிருந்து நம் மாவட்டத்தின் ஆபத்தான இடங்களைப் பயிற்சிப் பள்ளிக்குத் தந்தால், பாடம் ஊர்ப்பெயரோடு மனதில் நிற்கும். சீசன் காலத்தில் வாகன நிறுத்துமிடங்களில், வெளியூர் ஓட்டுநருக்கு ஈரச்சாலை எச்சரிக்கையும், இரவில் திரும்பாமல் தூங்கிப் போகச் சொல்லும் ஒரு வார்த்தையும் தரலாம். குளித்துவிட்டு வருபவர்கள் தூங்கிக்கொள்ள, ஓட்டுநர் மட்டும் விழித்திருப்பது என்பது நம் சுற்றுலாவின் வழக்கம். அவருக்கும் படுக்க ஓர் இடம் வேண்டும். ஐயப்ப சீசனில் புளியரை வழியாகப் போகும் வாகனங்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. மகன் உரிமம் வாங்கிய மறுநாளே வண்டியைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். முதல் ஆறு மாதம் இரவில் தனியாக வேண்டாம், நண்பர்களை ஏற்ற வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு விதி வையுங்கள். நியூசிலாந்து சட்டம் போட்டுச் செய்ததை ஒரு தகப்பன் சொல்லால் செய்ய முடியும்.

அந்தச் சிறுமி அன்று பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். வேன் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு மழையில் நின்றார். அன்று அவர் கற்றுக்கொண்டது உயிருள்ளவரை மறக்காத பாடம். அதைக் கற்க ஒரு குழந்தை ஒரு முழ தூரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. உரிமம் தருமுன்பே அந்தப் பாடத்தைத் தருவது நம் கடமை. வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: நின்ற பேருந்தைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள். அதன் முன்னால் ஒரு பிள்ளை இருக்கலாம்.